சனிக்கிழமைப் பத்துப் பாட்டு

அந்த வருஷம் மகாவலி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் அடியில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தது. மழை பொய்த்துப்போய் ஆற்றின் நடுவே பாறைகள் முதுகு காட்டின. பாறைகளுக்கிடையில் தேங்கி நின்ற குட்டைகளில் கடிக்கும் நுளம்பு பெருகியது. கேகாலைப் பக்கம் குளிர்காய்ச்சல் வீடு வீடாக நுழைந்துவிட்டது, பிணம் தூக்கவும் ஆளில்லை என்று ரயிலில் வந்தவர்கள் சொன்னார்கள். அது மலை ஏறி வருமா, வராதா என்பதே கடைத்தெருவில் பேச்சு. இதற்கு நடுவில் நோன்பு மாதமும் பிறந்தது.

சித்தி றலியாவுக்கு இந்தப் பயம் ஊராருக்கு இருந்த அளவுக்குத்தான் இருந்தது. அவளுடைய புருஷன் ஸெய்னுலாப்தீன் கராம்பு, சாதிக்காய், மிளகு வாங்கி விற்கும் வியாபாரி. சுற்றுக் கிராமத்துச் சிங்களவர்கள் பச்சைக் கராம்பைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். அதை முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டு, காம்பு வேறு, பூ வேறாகப் பிரிப்பது றலியாவின் வேலை. கராம்புக் காலம் வந்தால் அவள் விரல்களில் ஏறும் காரம், விடியுமுன் ஸஹருக்குப் பிசையும் சோற்றில்கூட மணக்கும்.

அவர்களுக்கு ஒரே மகன், ஹபீல். அவனுக்குப் பதினாறு வயதாயிருந்தபோது, பள்ளிவாசல் முஅத்தின் படுத்த படுக்கையாய்க் கிடக்க, தொழுகைக்கு அழைக்கும் பாங்கை இவன்தான் சொன்னான். விடியற்காலச் சுபஹு பாங்குக்குப் பாலத்தில் போகும் வண்டிக்காரன்கூட மாட்டை நிறுத்திக் கேட்பான் என்று சொல்வார்கள். அந்த நாட்களில் ஸெய்னுலாப்தீன் தொழுதுவிட்டு வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருக்கும். பிறகு ஹபீல் கொழும்புக்குப் போய் இசைத்தட்டு விற்கும் கடையொன்றில் சேர்ந்தான். அங்கிருந்து றேடியோவுக்குப் போனான். சனிக்கிழமை தோறும் பொழுது பட்டதும் தமிழில் பத்துப் பாட்டு வைப்பார்கள். எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று சனங்கள் போஸ்ட்காட் எழுதிப் போட, அதிகம் பேர் கேட்டது முதலாவது. பத்தாவதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கி முதலாவதில் முடியும். நாலு வருஷமாக ஒரு கிழமையும் தவறாமல் நடக்கிற காரியம் அது. ஒன்றரை வருஷமாகப் பாட்டுகளின் பெயரையும் இடத்தையும் சொல்லுகிறவன் ஹபீல்.

செய்தி பள்ளிவாசலுக்கு எட்டியது. அன்று ஸெய்னுலாப்தீன் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றைத் தொடாமலே சொன்னார்: "பாங்கு சொன்ன வாயால கூத்துப் பாட்டுக்குப் பேர் சொல்றான். இனி இந்த ஊட்டுல அவன்ட கதை வேணாம்." ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஹபீல் வந்தபோது வாப்பா முகம் கொடுக்கவில்லை. அவன் உம்மா ஆக்கிவைத்த புரியாணியில் ஒரு வாய்கூட வைக்காமல் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டான். அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, வரத்தும் இல்லை.

ஆனால் சனிக்கிழமை இருந்தது. பக்கத்து ஸ்டேஷன் குவாட்டர்ஸில் ஸ்டேஷன் மாஸ்டர் இராமநாதன் ஒரு றேடியோப் பெட்டி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து மனுஷர். அவர் மனைவி கமலாசனிதான் முதலில் வேலியோரம் வந்து சொன்னது: "றலியா அக்கா, குறை நினையாதையுங்கோ. நேற்று றேடியோவிலை கேட்டது உங்கட மோன்ரை குரல் மாதிரிக் கிடந்தது." அன்று தொடங்கி ஒரு சனிக்கிழமையும் றலியா விட்டதில்லை. புருஷன் அந்திக்குப் பள்ளிக்குப் போனால் இராத் தொழுகையும் முடித்துத்தான் வருவார்; நோன்பு மாதத்தில் தறாவீஹும் தொழுது இன்னும் பிந்துவார். அவள், நோன்பு நாளென்றால் ஒரு கேத்தலில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, பின்வாசலால் அங்கே போய்விடுவாள்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் போனாள்.

"இருங்கோ அக்கா, பெட்டி இன்னும் சூடாகேல்லை," என்று கமலாசனி கதிரையை இழுத்துப் போட்டாள். ஆம்பிளைகள் வெளி விறாந்தையில் இருந்தார்கள். இராமநாதனும், மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிவரும் லொறி டிரைவர் ராஜலிங்கமும். ராஜலிங்கம் கிழமைக்குக் கிழமை போஸ்ட்காட் போடுகிறவன்.

"இந்த வாரம் நம்ம கப்பல் பாட்டுத்தாங்க மொதல்ல வரும். தோட்டத்து லயத்துல எல்லாருகிட்டயும் சொல்லி எழுத வச்சிருக்கேன்."

"உந்தக் கப்பலை விடும் ஐசே. மயில் பாட்டை ஆரும் அசைக்கேலாது," என்றார் இராமநாதன்.

பெட்டி கரகரத்து, விசில் அடித்து, பிறகு தெளிந்தது. "நேயர்களே, வணக்கம்" என்றான் ஹபீல். றலியா கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். வழக்கமாக அந்த முதல் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு உடம்பு தளரும். உசிரோடு இருக்கிறான், சாப்பிட்டிருக்கிறான் என்று தோன்றும். அன்று தளரவில்லை. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பத்தாவது, ஒன்பதாவது, எட்டாவது. ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்கினான். ஏழாவது பாட்டு முடிந்தது. "ஏழாம் இடத்தைப் பிடித்திருப்பது..." என்று மறுபடியும் தொடங்கினான்.

ராஜலிங்கம் சிரித்தான். "என்னாங்க இது! ஏழுக்கு அப்புறம் ஏழா? தம்பிக்கு எண்ணத் தெரியலையா?"

பெட்டியில் சற்று நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு "மன்னிக்கவும், ஆறாம் இடத்தை" என்றான். அந்த "ஆறாம்" என்ற சொல்லுக்கு முன்னால் டக்டக்கென்று ஒரு சத்தம்.

"பல்லு தட்டுது," என்றாள் றலியா.

"என்னக்கா?"

"அவனுக்குக் குளிருது கமலா. பல்லு தட்டுற சத்தம் கேட்டிச்சா?"

"பெட்டியின்ரை இரைச்சல் அக்கா. இடைக்கிடை உப்பிடித்தான் வாறது."

பாட்டுகள் முடிந்ததும் றலியா எழுந்தாள். கேத்தலைத் திருப்பி எடுக்கவும் மறந்து வீட்டுக்கு வந்தாள்.

அந்தக் கிழமை முழுவதும் அவள் கைகள் கராம்பில் இருந்தன, காது வாசலில் இருந்தது. மத்தியானம் லுஹரு தொழுதுவிட்டு யாஸீன் ஓதினாள். பிரித்த காம்புகளை மறுபடி பூவோடு சேர்த்துக் கொட்டினாள்.

"என்ன றலியா, காம்பும் கராம்பும் ஒண்டாக் கெடக்கு?" என்று ஸெய்னுலாப்தீன் ஒரு பிடியை அள்ளிப் பார்த்தார். "ஒடம்புக்கு ஏலாதா? நோம்ப விட்டுட்டுப் பொறகு களாச் செய்யலாமே."

"ஒண்டுமில்ல. கண்ணு மங்குது."

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் முதல் கேள்வி எப்படித் தெரியும் என்பதாக இருக்கும். அதற்குப் பிறகு சனிக்கிழமையும் இல்லாமல் போகும். இருக்கிற ஒரு ஜன்னலையும் தன் கையாலேயே சாத்தச் சொல்கிறதா என்று விழுங்கிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை கஞ்சி கொண்டுபோகவில்லை. ஒரு பேரீச்சம்பழத்தாலும் ஒரு மிடறு தண்ணீராலும் நோன்பைத் திறந்துவிட்டு, அந்தி மஃரிபைத் தொழுத கையோடு ஓடினாள். பெட்டி சூடாகும்வரை அதன் மஞ்சள் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேயர்களே, வணக்கம்."

வேறு யாரோ. தடித்த, வயசான குரல். ஹபீலைப் பற்றி அந்தக் குரல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்போதும் தானே இருந்ததுபோலப் பத்தாவது பாட்டைச் சொல்லிற்று. அவள் உட்காரவேயில்லை. ஒருவேளை பிந்தி வந்திருப்பான், அடுத்த பாட்டுக்கு அவன் பேசுவான் என்று ஒவ்வொரு பாட்டாக நின்றாள். முதலாவது பாட்டும் முடிந்து, அந்த ஆள் "வந்தனம்" சொல்லி, பெட்டியில் வெறும் இரைச்சல் வந்தபோது விறாந்தைக் கதவைத் திறந்துகொண்டு ஆம்பிளைகள் முன்னால் போய் நின்றுவிட்டாள். ராஜலிங்கம் பதறி எழுந்தான்.

"மாஸ்டர், என்ட மகன் எங்க?"

இராமநாதன் அவள் முகத்தை அதற்கு முன் நேராகக் கண்டதில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "பதறாதையுங்கோ அக்கா. லீவாயிருக்கும்."

"நோவாயிருக்கும் மாஸ்டர். போன கிழமையே நோவு. மருதானையில போடிங்ல ஈக்கியான். அங்க ஆரையாச்சும் அனுப்பிப் பாக்க ஏலுமா?"

றெயில்வேத் தந்தியைச் சொந்தக் காரியத்துக்குத் தொடக்கூடாது என்பது சட்டம். இராமநாதன் சட்டம் தவறாதவர் என்று பெயரெடுத்தவர். கமலாசனி அவரைப் பார்த்தாள். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

மறுநாள் காலை பதில் வந்தது. மருதானையில் அவருடைய சிநேகிதர் ஒருவர் ஹபீல் தங்கியிருந்த போடிங்குக்கே போய் விசாரித்திருந்தார். இராமநாதன் வேலியருகே வந்து றலியாவைக் கூப்பிட்டார்.

"அக்கா, பொடியன் அங்கை இல்லை. காய்ச்சலோடை வியாழக்கிழமை காலமை கண்டி ரயில் ஏறினவராம். ஊட்டுக்குப் போறன், உம்மாட்டைப் போறன் எண்டு சொல்லிப்போட்டு."

வியாழக்கிழமை. இன்று ஞாயிறு.

றலியா செருப்பையும் மாட்டவில்லை. அவள் ஒருநாளும் பகலில் கடைத்தெருவுக்குப் போனவளல்ல. முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, சனங்களுக்கு நடுவே நடந்துபோய்ப் புருஷனுடைய கடைவாசலில் நின்றாள். ஸெய்னுலாப்தீன் தராசில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் தராசுத்தட்டு கையிலிருந்து நழுவிற்று.

"என்ன? ஊட்டுல என்ன?"

"ஹபீல் வியாழக்கிழமை காய்ச்சலோட கொழும்புல இருந்து வெளிக்கிட்டீக்கியான். ஊட்டுக்கு எண்டு."

"வரல்லயே."

"வரல்லதான். அதத்தான் செல்றேன்."

மிளகு விற்க வந்த கிழவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஸெய்னுலாப்தீன் கேட்டார்: "காய்ச்சல் எண்டு ஒனக்கு ஆரு செல்லிய?"

"அவன்ட கொரல் செல்லிச்சி. றேடியோவில."

"நோம்பு மாசத்துல நீ..." என்று தொடங்கினார்.

"அத அப்புறம் கேளுங்க. ஏசுங்க, அடிங்க. இப்ப என்ட புள்ள எங்க?"

ஸெய்னுலாப்தீன் எழுந்தார். பிறகு அவர் தராசின்மேல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டார். கிழவனிடம் நாளைக்கு வரச்சொன்னார். பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார்; ஒரு பலகை மாறிப் பொருந்தாமல் நின்றபோது றலியா அதை வாங்கிச் சரியாகப் பொருத்தினாள்.

ஸ்டேஷன் வாங்கில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இராமநாதன் பாதையிலுள்ள ஸ்டேஷன்களுக்கெல்லாம் தந்தி தட்டினார். அந்தக் கருவி ஒவ்வொரு முறை பேசும்போதும் ஸெய்னுலாப்தீன் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பேராதனையில் தெரியாது. கடுகண்ணாவையில் அப்படி ஒருவரும் இறங்கவில்லை. பொல்காவலையில் வியாழக்கிழமை இறந்துபோன இரண்டு பேரின் மையித்துகளை ரயிலிலிருந்து இறக்கினார்களாம், இரண்டும் வயசாளிகள். இராமநாதன் அந்த "வயசாளிகள்" என்ற சொல்லை முந்திச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார்.

ரம்புக்கனைப் பதில் கடைசியாக வந்தது. மலை ஏற இரண்டாவது எஞ்சின் பூட்டுவதற்கு ரயில் அங்கே நிற்கும். அந்த நேரத்தில் நினைவில்லாத ஒரு வாலிபனை இறக்கி, பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கும் தற்காலிக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெயர் தெரியாது. இருக்கிறானா என்பதும் தெரியாது.

"ஸெய்னுலாப்தீன் நானா, மத்தியான வண்டி இப்ப வந்திடும்," என்றார் இராமநாதன். "நான் வண்டிக் காட்டிட்டைச் சொல்லிவிடுறன். நீங்கள் ரெண்டுபேரும் ஏறுங்கோ." கமலாசனி ஒரு தலையணையும் போர்வையும் சுற்றிக்கொண்டுவந்து றலியாவின் கையில் திணித்தாள்.

கடுகண்ணாவை இறக்கத்தில் ரயில் ஊர்ந்தது. கீழே போகப்போக வெக்கை ஏறிற்று. வயல்கள் வெடித்துக் கிடந்தன. மாட்டைக் காணோம், மனுஷரைக் காணோம். சின்ன ஸ்டேஷன் ஒன்றில் கொதிக்கும் வெயிலில் ஒரு குடும்பமே சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. ஸெய்னுலாப்தீன் ஜன்னலைப் பார்த்தபடி ஒரே ஒரு தடவை பேசினார்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்தப்ப மெலிஞ்சீந்தானா?"

"நீங்கதான் பாக்கல்லயே."

அவர் ஜன்னலுக்கே திரும்பிக்கொண்டார். உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் முழுக்க நோயாளிகள். வாங்குகளை ஒன்றுசேர்த்துக் கட்டிலாக்கியிருந்தார்கள், மிச்சப்பேர் பாயில். தலையோடு போர்த்திய உருவங்கள் வரிசை வரிசையாய். கொயினா மருந்தின் கசப்பு மணம் வாசலிலேயே மூக்கில் ஏறிற்று. ஒரு சிங்கள வாலிபன் வாளியும் அகப்பையுமாக ஓடிக்கொண்டிருந்தான்.

"பேர் தெரியாத ஆள் நிறைய இருக்கு, மாத்தயா," என்றான் அவன் கொச்சைத் தமிழில். "நீங்க பாருங்க. மூடின துணி தூக்கிப் பாருங்க."

பார்த்தார்கள். ஒவ்வொரு போர்வையின் ஓரத்தையும் றலியா தூக்குவாள், தூக்குமுன் கண்ணை மூடிக்கொள்வாள், பிறகு திறப்பாள். இவனல்ல. இவனுமல்ல. ஒரு மூலையில் பாய் ஒன்று வெறுமையாய்ச் சுருட்டி வைத்திருந்தது. அதில் யார் இருந்தது என்று கேளாமலே றலியா அடுத்த போர்வைக்குப் போனாள். மண்டபத்தின் முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

"கண்டிப் பொடியன் ஒராள்," என்று ஸெய்னுலாப்தீன் பொதுவாகக் கேட்டார். "சோனகப் பொடியன். வெள்ளையா, ஒயரமா." ஒருவரும் திரும்பவில்லை. "வியாழக்கிழமை ரயில்ல வந்த." முனகல்தான் பதில்.

ஸெய்னுலாப்தீன் மண்டபத்தின் நடுவுக்கு வந்தார். நோன்பில் வறண்ட தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிவாசல் கூட்டத்தில்கூட எழுப்பாத சத்தத்தில் கத்தினார்:

"றேடியோவில பாட்டுச் செல்றவன்! சனிக்கிழமை பத்துப் பாட்டுச் செல்ற ஹபீல்! நான் அவன்ட வாப்பா! ஆராச்சும் கண்டீங்களா?"

 சுவரோரம் போர்வைக்குள்ளிருந்து ஒரு தோட்டத்துக் கிழவியின் தலை வெளியே வந்தது.

"பாட்டுச் சொல்றவரா? பின்னால தாழ்வாரத்துல ஒரு தம்பி கெடக்குதுங்க ஐயா. ராவும் பகலும் இலக்கம் சொல்லிக்கிட்டே கெடந்துச்சு. பத்தாவது, ஒம்பதாவதுன்னு. நாங்க ஏலம் விடுற ஆளுன்னுல்ல நெனச்சோம்."

றலியா அதற்குள் தாழ்வாரத்தை அடைந்துவிட்டாள். மழைச்சாரல் படாதிருக்கக் கட்டிய ஓலைத் தட்டிக்குப் பின்னால், முழங்காலை வயிற்றோடு மடித்துக்கொண்டு அவன் கிடந்தான். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, கண் பாதி திறந்திருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் அவளைப் பார்த்து, "மூன்றாம் இடத்தை..." என்றான். ஸெய்னுலாப்தீன் வந்து பாயோரம் குந்தினார். தன் தொப்பியைக் கழற்றி, அதாலேயே மகனுடைய வாயோரத்து நுரையைத் துடைத்தார்.

டொக்டர் ஒருவர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துபோனார். "இது ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காய்ச்சல். திங்கள் நடுக்கம் கடுமையா வரும். அதைத் தாண்டி, புதன்கிழமை வராமல் விட்டால் தப்பினான்," என்றார். 

திங்கட்கிழமை நடுக்கம் வந்தது. பாய் தரையோடு அடித்துக்கொண்டது. கமலாசனியின் போர்வைக்குமேல் ஸெய்னுலாப்தீன் தன் சால்வையைப் போட்டு, அதற்குமேல் தானே குனிந்து மகனை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு காய்ச்சல் எரித்தது, பிறகு வேர்வை ஊற்றிற்று. செவ்வாய்க்கிழமை அவன் கண்விழித்து வாப்பாவைக் கண்டான். பயந்துபோய் எழும்பப் பார்த்தான்.

"படு மகன், படு," என்றார் ஸெய்னுலாப்தீன். வேறொன்றும் சொல்லத் தெரியாமல், "கஞ்சி குடிக்கிறியா?" என்றார்.

புதன்கிழமை. நடுக்கம் வரும் நேரம் பிற்பகல் அஸருக்குச் சற்று முன். வெயில் தட்டியின் ஓட்டைகளால் விழுந்து ஹபீலின் கால்பக்கம் ஏறிற்று. றலியா அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குளிர் அங்கேதான் முதலில் தொடங்கும் என்று கிழவி சொல்லியிருந்தாள். ஸெய்னுலாப்தீன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாதம் குளிர்கிறதா, தன் கைதான் குளிர்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி பாதத்தைத் தொட்டாள். ஒருமுறை அவன் உடம்பு சிலிர்த்தது. "யா அல்லாஹ்," என்றார் ஸெய்னுலாப்தீன். அது ஓர் இலையான் பறந்துவந்து உட்கார்ந்ததற்கு.

வெயில் முழங்காலைத் தாண்டி, மார்பைத் தாண்டி, சுவரில் ஏறி மங்கிற்று. தூரத்தில் பாங்கு கேட்டது. நடுக்கம் வரவில்லை.

ஸெய்னுலாப்தீன் மடியிலிருந்த தோடம்பழத்தை உரித்து நோன்பைத் திறந்தார். றலியாவுக்கு ஒரு சுளை கொடுத்தார். ஒரு சுளையை மகனின் உதட்டில் பிழிந்தார்.

ஹபீல் விழுங்கிவிட்டு மெல்லக் கேட்டான்: "உம்மா, சனிக்கிழமை போயிட்டா?"

"போயிட்டு மகன்."

"ஆரு செஞ்ச?"

"ஆரோ ஒராள். தடிச்ச கொரல்."

அவன் கண்ணை மூடினான். நித்திரையாகிவிட்டான் என்று நினைத்தார்கள். மறுபடி கேட்டான். "முதலாவது எது வந்த?"

றலியா திகைத்துப்போனாள். பத்துப் பாட்டும் முடியும்வரை அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றவள் அவள். ஒரு வரி நினைவில்லை. யோசித்துப் பார்த்தாள், இந்த ஒன்றரை வருஷத்தில் கேட்ட எந்தப் பாட்டிலும் ஒரு வரி நினைவில்லை.

"அது எனக்கெப்பிடி மகன் தெரியும்? நான் பாட்டுக் கேக்கவா போன?"

ஹபீல் உம்மாவைப் பார்த்தான். அவன் கண்ணோரத்தால் ஒன்று வழிந்து காதுக்குள் போயிற்று. அவன் துடைக்கவில்லை, துடைக்கப் பலமில்லை.

 ஸெய்னுலாப்தீன் தோடம்பழத் தோலைக் கையில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டருக்குத் தெரிஞ்சீக்குமா?" என்று கேட்டார்.

"என்ன?"

"அதுதான். முதலாவது வந்த பாட்டு."

"மாஸ்டருக்கும் தெரியும், அந்த லொறிக்காரனுக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் கிழமைக்குக் கிழமை அதுலதானே சண்டை."

அவர் எழுந்து, சால்வையை எடுக்கப் போனார். அது மகன்மேல் கிடந்ததைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டார்.

"எங்க போறீங்க?"

"ஸ்டேஷனுக்கு. கட்டுகஸ்தோட்டைக்கு ஒரு தந்தி அடிக்கச் செல்லோணும்."

"இதுக்கா?"

"அவன் கேக்கிறானே," என்றார் ஸெய்னுலாப்தீன். கிடந்தவர்களின் கால்களை மிதித்துவிடாமல் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருட்டிவரும் தாழ்வாரத்தில் வேகமாக நடந்தார்.